மணல்திட்டுக்கு வழி கேட்டவள்

அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரை நகரம். பெயரை எழுதப் போவதில்லை. ரொம்பப் பெரிய நகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. நான் அங்கே போனதே கிடையாது. ஆனாலும் அதன் ஆற்றோரத் தெருவில் கண்ணைக் கட்டி விட்டால்கூட நடந்துவிடுவேன். மூன்றாவது விளக்குக் கம்பத்தில் பூத்தொட்டி தொங்கும். ஐந்தாவது கம்பத்தின் அடியில் ஒரு மஞ்சள் சைக்கிள் பூட்டிக் கிடக்கும். அதற்கு அடுத்தது ஐஸ்கிரீம் கடை. கடைக்கு எதிரே அகலமான கல் படிகள் நேராக ஆற்றுக்குள் இறங்கும்.

அந்தப் படிகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

புதுச்சேரியை ஒட்டிய வில்லியனூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே பைப் அறுக்கிற சத்தம், மேலே ஆளுக்கொரு கம்ப்யூட்டரோடு நாங்கள். வெளிநாட்டுப் பயண இணையதளம் ஒன்றுக்கு ஊர் ஊராகப் பக்கம் எழுதிக் கொடுப்பது வேலை. இந்த ஊருக்குப் போனால் என்ன பார்க்கலாம், குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம், மழை பெய்தால் எங்கே உட்காரலாம், எந்தக் கடையில் எதைச் சாப்பிடலாம். எல்லாம் இங்கிலீஷில். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அரசுக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்திருந்தேன். வேலை கிடைத்ததும் படித்த படிப்புக்கே வேலை என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன வேலை என்று என்னிடம் கேட்டாள்.

"அமெரிக்காவுல ஊர சுத்திப் பாக்கறவங்களுக்கு எதெத பாக்கலாம்னு சொல்றதும்மா. எழுத்துல."

"நீ அங்க போயிருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிடா சொல்லுவ?"

"கம்ப்யூட்டர்ல தெரியும்மா. தெருத் தெருவாப் படம் எடுத்து வச்சிக்கீறான்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வூட்டுக்குள்ளயும் தெரியுமா?"

"வூட்டுக்குள்ள தெரியாது. வாசல் வரிக்கும்தான்."

"அப்ப சரி," என்றாள். அதோடு அவளுக்குத் திருப்தி. வாசல் வரைக்கும் தெரிந்தால் ஒரு ஊரைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று எனக்கும் அப்போது தோன்றியது.

எங்கள் டீம் லீடர் வில்லியனூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவுக்கு, அவர் பேச்சில் அத்தாவுக்கு, கடைத்தெருவில் பாத்திரக் கடை. என்னைவிட நாலைந்து வயது பெரியவர், எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா இரண்டு விஷயத்தில் கண்டிப்பு. ஒன்று, போய் வந்தது போல எழுத வேண்டும். இன்னொன்று, வேறு எந்தத் தளத்திலும் இல்லாத ஒரு இடம் பக்கத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். "மத்தவன் சொல்லாத ஒண்ணு வேணும்பா. அது இல்லாத பக்கம் பந்து மாதிரி திரும்பி வரும்," என்பார்.

பக்கத்து நாற்காலியில் திருக்கனூர்க்காரன் ஒருவன். என் வயதுதான். அவனுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. "நான் எல்லா ஊருலயும் ஒரு பெஞ்ச போட்டுடுவன்டா. யாருக்கும் தெரியாத பெஞ்சு, உக்காந்து சூரியன் மறையறத பாக்கலாம்னு எழுதிடுவன். எந்த ஊருலடா சூரியன் மறையாது?" அவன் பக்கம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

எனக்கு அப்படி எழுத மனசு வராது. ஒவ்வொரு ஊரிலும் தெருப் படங்களில் நடந்து பார்த்துத்தான் எழுதுவேன். திரையில் ஒரு அம்புக்குறி இருக்கும், அழுத்தினால் பத்தடி முன்னே போகலாம். அந்த நகரத்தில் நான் அதிக நாள் நடந்தேன், ஏனென்றால் அது பெரிய பக்கம். ஆற்றில் மரச்சக்கரம் வைத்த பழைய காலத்துப் படகு ஒன்று, ஏறினால் இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்டும். வண்டிகள் போவதை நிறுத்திவிட்டு மனிதர் நடப்பதற்கென்றே விட்டிருக்கும் நீல நிற இரும்புப் பாலம். ரயில் நின்று போன பழைய ஸ்டேஷனுக்குள் சனிக்கிழமைச் சந்தை. ஆற்று மீன்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் கட்டடம், அதில் ஆள் நீளத்துக்கு ஒரு கெளுத்தி. மலைமேல் ஏறும் சின்ன ரயில் பெட்டி. இவற்றையெல்லாம் பலர் எழுதியிருந்தார்கள். நான் வார்த்தையை மாற்றி எழுதினேன்.

ஆனால் அந்தத் தெருப் படங்கள் என்னை ஒரு மாதிரி செய்தன. எப்போது போனாலும் அங்கே அதே பகல். நிழல் நகராது. மனிதர்கள் எல்லோருக்கும் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டது போல இருக்கும், அடையாளம் தெரியக்கூடாது என்று அப்படிச் செய்வார்களாம். ஐஸ்கிரீம் கடை வாசலில் ஒருவர் கை நீட்டி நிற்பார், ஐஸ்கிரீம் அவர் கைக்கு வந்து சேரவே சேராது. ஒரு அடி முன்னே வைத்தால் தரை ஈரமாக இருக்கும், அடுத்த அடியில் வெயில் கொளுத்தும். ஒவ்வொரு படமும் வேறு வேறு வருஷத்தில் எடுத்தது. வேலை முடிந்து கரிக்கலாம்பாக்கம் வழியாக வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடினால் அந்தத் தெருவில்தான் நிற்பேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"எல்லாத் தெருவுலயும் சுத்தற, ஒருத்தன் கண்ணுக்கும் தெரிய மாட்டேங்கற. அந்த ஊருப் பேயே நீதான்டா," என்பான் திருக்கனூர்க்காரன்.

பக்கம் முடியும் தறுவாயில், மற்றவர் சொல்லாத ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. அப்போதுதான் மேலே வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்து பார்த்தேன். ஐஸ்கிரீம் கடை, எதிரே படிகள், படிகளுக்குக் கீழே பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு.

எங்கள் ஊர் பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணையை ஒட்டியது. எங்களுக்கு ஆறு என்பது நடந்து கடக்கிற இடம். அக்கரை கடலூர் மாவட்டம். கரும்புக்குக் களை எடுக்கவும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்கவும் அம்மா அக்கரைக்குப் போவது ஆற்று மணலில் நடந்துதான். நடுவில் ஓடும் வாய்க்கால் அளவுத் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவாள், தூக்குச்சட்டி தலையில் இருக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருவதற்கு முன்னால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து தெருத் தெருவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் ஆறு சொல்லிவிட்டு வரும் ஆறு. படிகள் என்றால் படித்துறை. தாத்தாவுக்குக் காரியம் செய்ய திருக்காஞ்சிக்குப் போனபோது சங்கராபரணி ஆற்றில் அப்படித்தான் இறங்கினோம். கடைசிப் படிக்குக் கீழே முட்டியளவு தண்ணீர், காலடியில் மணல். ஆற்றில் படி கட்டியிருக்கிறார்கள் என்றால் மனிதன் இறங்குவதற்காகத்தான் கட்டியிருக்கிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. காலுக்கே தெரிந்த விஷயம்.

அந்த நகரத்தில் முதல் தடவையாக எனக்குப் புரிந்த ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். கோடையின் கடைசியில் தண்ணீர் குறையும்போது, ஐஸ்கிரீம் கடைக்கு எதிரே உள்ள படிகளில் இறங்கி, முட்டியளவுத் தண்ணீரில் நடந்தால் மணல்திட்டுக்குப் போய்விடலாம். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த இடம். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

முட்டியளவு என்று அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. அது என் முட்டி.

அக்கா படித்துவிட்டு நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இதான்பா நான் கேட்டது. எங்கிருந்துபா புடிச்ச?"

"பாத்தேன்க்கா," என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை.

பக்கம் வெளியாகி மூன்று மாதம் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே படிக்கிறவர்கள் கேள்வி கேட்க ஒரு பெட்டி உண்டு. வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை காலையில், அதைத் திறந்து பார்த்துப் பதில் போடுவதும் எங்கள் வேலை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை, அந்த நகரத்துப் பக்கத்தின் கீழே ஒரு கேள்வி இருந்தது. ஒரு பெண் எழுதியது. முந்தின வியாழக்கிழமை போட்டிருந்தாள்.

வரும் சனிக்கிழமை மகளின் பிறந்தநாளுக்கு அங்கே வருகிறோம். அவளுக்கு ஆறு வயது முடிகிறது. உங்கள் பக்கத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து மணல்திட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எந்தப் படியில் இறங்க வேண்டும்? தண்ணீரில் போட்டுக்கொள்ளும் ஷூ வாங்கட்டுமா, வெறுங்காலே போதுமா?

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம்தான். நான் எழுதியதை ஒரு தாய் தன் குழந்தைக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். திருக்கனூர்க்காரனைத் தோளில் தட்டிக் காட்டினேன். "பாத்தியா? உன் பெஞ்ச எவனாவது கேட்டானா?"

"ஆமாண்டா, பெரிய ஆளு. பதில் போடு, ஷூ வேணாம்னு."

அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். மணல் மெத்தென்று இருக்கும், வெறுங்காலே போதும். எந்தப் படி என்று சரியாகச் சொல்ல வேண்டுமே என்று தெருப் படத்தைத் திறந்து, இந்தத் தடவை அம்புக்குறியைத் தெருப் பக்கம் அழுத்தாமல் தண்ணீர்ப் பக்கம் அழுத்தினேன். படிகளின் ஓரத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு பலகை. தெருவில் நடக்கும்போது அந்தப் பலகை பக்கவாட்டில் ஒரு கோடு போலத்தான் தெரியும். நூறு தடவை கடந்திருப்பேன். இப்போது நேராகத் திரும்பி நின்றது. ஆழமான தண்ணீர். இழுப்பு அதிகம். இறங்காதீர்கள்.

கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த நகராட்சியின் பக்கங்களைத் தேடிப் படித்தேன், முதலிலேயே படித்திருக்க வேண்டியவை. அந்தப் படிகள் பழைய காலத்தில் சரக்குப் படகுகள் வந்து கட்டுவதற்காகப் போட்டவை. பெரிய படகு கரையை ஒட்டி நிற்க வேண்டும் என்றால் கரையை ஒட்டியே ஆழம் வேண்டும். அதற்காகவே தோண்டி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் தோண்டுகிறார்கள். மூங்கில் மேல் மூங்கில் கட்டி விட்டாலும் தரை எட்டாது. மேலே பார்த்தால் தண்ணீர் நிற்பது போல இருக்குமாம், அடியில் ஓடுமாம். அங்கே படி இருந்ததே ஆழம் இருந்ததால்தான். கடைசிப் படிக்கு அடுத்த படி கிடையாது.

"டேய், இன்னாடா ஆச்சி?" என்றான் திருக்கனூர்க்காரன். திரையைக் காட்டினேன். படித்தான்.

"இன்னைக்கு இன்னா கெழமை?"

"செவ்வாய்."

"அங்க?"

"திங்கக்கெழம ராத்திரி."

அவன் சனிக்கிழமையிலிருந்து விரல் விட்டு எண்ணினான். பிறகு, "விடுடா. கண்ணு இல்லையா அவங்களுக்கு? போர்டு இருக்குது, ஆத்தப் பாத்தா தெரியாதா? நீ சொன்னன்னு எறங்கிடுவாங்களா?" என்றான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவிடம் போனோம். அவர் கேள்வியைப் படித்தார், பலகையைப் பார்த்தார், வாயில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லா. பாத்தேன்னு சொன்னியேபா."

"படியப் பாத்தேன்க்கா. மணலப் பாத்தேன்."

"தண்ணியப் பாத்தியா?"

திரையில் படிகளுக்குக் கீழே இருந்த பழுப்பைப் பார்த்தேன்.

"மொதல்ல அந்த வரிய எடு," என்றார். எடுத்தேன். ஒரு நொடி வேலை. மூன்று மாதமாக இருந்த வரி, இருந்த அடையாளமே இல்லாமல் போயிற்று. "கேள்வியையும் எடுத்துடு."

"அக்கா, அதுக்குப் பதில் போடணும்."

"இன்னான்னு போடுவ? எறங்காதீங்கன்னா? அவங்க போய்ட்டுத் திரும்பியிருப்பாங்கப்பா. சனிக்கெழம போய் மூணு நாளாச்சி."

"திரும்பிட்டாங்களான்னு கேக்கணும்க்கா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பைப் அறுக்கிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. "எறங்க வேணாம், முன்ன போட்டது தப்புத் தகவல்னு மட்டும் போடு. வேற எதுவும் எழுதாத. இந்த மாடியில பன்னண்டு வூட்டு அடுப்பு எரியுது," என்றார்.

அவர் சொன்னபடியே இரண்டு வரி எழுதினேன். பிறகு யாரையும் கேட்காமல் இன்னும் மூன்று வரி சேர்த்தேன். அந்த இடத்தைப் பற்றி எழுதியது நான். உங்கள் நகரத்துக்கு நான் வந்ததே இல்லை, உங்கள் ஆற்றை நேரில் பார்த்ததில்லை. நீங்கள் மூவரும் நலமா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மூவர் என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று அவள் சொல்லவே இல்லை.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் இல்லை. நீங்கள் தேடும் பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. எழுதியவன் வந்ததே இல்லை என்று தன் வாயாலேயே சொல்கிற பக்கத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று பயண இணையதளத்துக்காரர்கள் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். படகு, பாலம், சந்தை, கெளுத்தி, மலை ரயில் எல்லாம் போயிற்று. அவள் கேள்வியும் போயிற்று. என் பதிலை அவள் படித்தாளா, படித்துவிட்டுத் திரும்ப எழுதினாளா, எழுத வந்தபோது பக்கம் இல்லாமல் போயிற்றா, தெரியாது. கேள்விப் பெட்டியில் அவள் தன் முதல் பெயரை மட்டும்தான் போட்டிருந்தாள். எங்கள் தெருவில் அம்மா என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்களோ, அங்கே அந்தப் பெயருக்கு அத்தனை பேர் திரும்புவார்கள்.

உண்மையைச் சொல்லாமல் அக்கா சொன்ன இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தால் பக்கம் இருந்திருக்கும். அவள் பதில் போட ஒரு இடம் இருந்திருக்கும். இதை எத்தனையோ தடவை புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "உன்ன அனுப்பச் சொன்னாங்க. நான் அனுப்பல. ஆனா இனிமே உனக்கு ஊருப் பக்கம் கெடையாதுபா," என்றார். ஃபிரிட்ஜ், மிக்சி, கொசு பேட் இவற்றுக்கு விவரம் எழுதும் வேலைக்கு மாற்றினார். கொசு பேட்டைப் பற்றி எழுதும்போது ஒரு கொசு பேட்டைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த நகரத்துச் செய்தித்தாள் இணையத்தில் வரும். தினமும் படிக்க ஆரம்பித்தேன். மாதத்துக்கு நாலைந்து செய்திதான் சும்மா காட்டும், அதற்கு மேல் சந்தா கட்டச் சொல்லும். என் போனில் தீர்ந்ததும் திருக்கனூர்க்காரன் தன் போனை நீட்டுவான். அவனுடையது தீர்ந்ததும் அவனே நாலு பேரிடம் போன் வாங்கி வருவான், எதற்கு என்று சொல்லாமல். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார்கள். பாலத்துக்கு வண்ண விளக்கு போட்டார்கள். ஒரு தீ விபத்து. யாரோ ஓய்வு பெற்றார்கள். ஆறு என்ற சொல் தலைப்பில் வந்தால் திறப்பதற்கு முன்னால் தேதியைப் பார்ப்பேன். திறந்தால் மீன்பிடிப் போட்டியாக இருக்கும். அந்தச் சனிக்கிழமையைத் தேடிப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை நம்பலாமா? எல்லாச் செய்தியும் எனக்குக் காட்டப்படவில்லையே.

பிறகு ஒரு நாள் மறுபடி தெருப் படத்துக்குள் போனேன். போகக்கூடாது என்று வைத்திருந்தேன், போனேன். படிகளில் பாதி தூரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிவப்புச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண். இரண்டு பேருக்கும் முகம் துடைத்திருந்தது. அந்தப் படம் எடுத்தது மூன்று வருஷத்துக்கு முன்னால் என்று ஓரத்தில் போட்டிருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், கணக்குத் தெரியும். இவர்கள் அவர்கள் இல்லை. தெரிந்தும் அம்புக்குறியை அழுத்தினேன். அடுத்த படத்தில் படிகள் காலியாக இருந்தன. பின்னால் அழுத்தினால் இருவரும் நிற்கிறார்கள். முன்னால் அழுத்தினால் காலி, தண்ணீர் மட்டும் பழுப்பாக, நிற்பது போல.

எத்தனை தடவை அழுத்தினேன் என்று தெரியாது. திருக்கனூர்க்காரன் என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டான்.

வீட்டில் நான் சொல்லவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கரை வேலைக்குக் கிளம்பும்போது, "தூக்குச்சட்டிய ஆத்து வரிக்கும் கொண்டாந்து குடேன்டா," என்றாள். மணலில் இறங்கும் இடம் வரை போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை.

"இன்னாடா?"

"தண்ணி எவ்ளோ கீதுன்னு பாத்தியாம்மா?"

"காலு நனையாது. தெனம் போறன். இன்னாடா கேள்வி இது?"

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படி, மணல், முட்டியளவு, ஷூ. அம்மா நின்றபடியே கேட்டாள். வேலைக்கு நேரமாகிறது என்று கூட்டாளிகள் அக்கரையிலிருந்து கூவினார்கள். அவள் திரும்பவில்லை.

"கொழந்த பேரு இன்னா?"

"தெரியாதும்மா."

"எந்த ஊருலருந்து வந்தாங்க?"

"அதுவும் தெரியாது."

"பொண்ணுதான?"

"பொண்ணுதான். ஆறு வயசு."

"ஆறு வயசுப் பொண்ணு ஷூ இல்லாம எறங்கட்டுமான்னு கேட்டுருக்குது," என்றாள், குழந்தையே நேராக என்னிடம் வந்து கேட்டது போல. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அவளும் அந்தப் படிகளில் போய் நின்றுவிட்டாள் என்று அவள் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அன்று வேலை முடிந்து வந்து கால் கழுவியதும் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தாள். கெங்கையம்மனுக்கு. அந்தப் பொண்ணு நல்லபடியா வூடு போய்ச் சேர்ந்திருந்தா இத உன் உண்டியல்ல போடறன் தாயே. முடிச்சைச் சாமி படத்து ஆணியில் மாட்டினாள். எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று முன்பு ஒரு காசு இதே போல அங்கே தொங்கியது. வேலை கிடைத்த வாரமே உண்டியலுக்குப் போய்விட்டது.

அதன் பிறகு எப்போதாவது, மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, "அந்தப் பொண்ணு எதுனா எழுதிச்சாடா?" என்பாள். பக்கமே இல்லை என்று எத்தனை தடவை விளக்கினாலும் அவளுக்கு அது புரியாத விஷயம். எழுத வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு எழுத இடமா இல்லாமல் போகும்? அலுவலகத்தில் அக்காவும் கேட்டார், ஒரே ஒரு தடவை, டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி. "எதனா தெரிஞ்சிதாபா?" இல்லை என்றேன். டீயை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் ஊர் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில், காலையில் குளித்துவிட்டு அம்மா ஆணியிலிருந்து முடிச்சை எடுத்தாள். எதற்கு என்று சொல்லாமல் என்னையும் கூட வரச் சொன்னாள். கோயிலில் கூட்டம். மேளம், கற்பூரப் புகை, ஸ்பீக்கரில் பாட்டு. வரிசையில் நகர்ந்து உண்டியலுக்கு எதிரே வந்ததும் அம்மா நின்றாள்.

"இன்னாடா சொல்ற? போட்டுடட்டுமா?"

பின்னால் தள்ளினார்கள். அவள் நகரவில்லை. முடிச்சு உள்ளங்கையில் இருந்தது. போடும்மா, நல்லாத்தான் இருப்பாங்க என்று நான் சொன்னால் போட்டுவிடுவாள். அன்றிலிருந்து நிம்மதியாக இருப்பாள். அவள் எதிர்பார்த்ததும் அந்த ஒரு வார்த்தையைத்தான். சொல்வது எனக்குக் கஷ்டமும் இல்லை. அந்தக் குழந்தை கேக் வெட்டியது, ஐஸ்கிரீம் தின்றது, பலகையைப் பார்த்துவிட்டுத் தாய் கையைப் பிடித்து இழுத்து வந்தது, எல்லாம் போய் வந்தது போல என் வாயில் வரிசையாக நின்றன.

"தெரியலம்மா," என்றேன்.

"நல்லாத் தெரியலயா?"

"தெரியவே இல்லம்மா."

"தெரியலன்னா போடக்கூடாது," என்றாள். முடிச்சைப் புடவைத் தலைப்பின் ஓரத்தில் வைத்து மறுபடி முடிந்துகொண்டாள்.

பின்னால் நின்ற பக்கத்துத் தெருக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, உண்டி வரிக்கும் வந்துட்டு எடுத்துக்கினு போற?"

"தகவல் வரலமா. வந்ததும் போடறன்."

"யாருக்கு வேண்டிக்கின?"

"எங்க பொண்ணு ஒண்ணு. தூரத்துல கீது. ஆத்துக்குப் போனதுதான், வூடு வந்துச்சா வரலயான்னு தெரியல."

அந்தப் பெண் முகம் மாறிவிட்டது. பின்னால் தள்ளியவர்களைக் கையால் தடுத்து நிறுத்தினாள். "அய்யய்யோ. வயசு இன்னாக்கா?"

"ஆறு," என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"வர ஆவணிக்கு ஏழு ஆவும், இல்லடா?"